வேலை கேட்காதவன்

முன்னொரு காலத்தில், உளுந்து வடைக்கு நடுவில் ஓட்டை போடலாம் என்று யாருக்கும் தோன்றியிராத காலத்தில், அலங்காரராயர் என்றொரு ராஜா இருந்தார். அவருடைய நாடு எவ்வளவு பெரியது என்றால், கிழக்கு எல்லையில் ஒருவன் தும்மினால் மேற்கு எல்லையில் இருப்பவர்கள் மறுநாள்தான் 'நூறாயுசு' என்பார்கள்.

ராஜாவைச் சிரிக்க வைப்பதற்கு ஆவுடையப்பன் என்ற விகடகவி இருந்தான். அவனைக் கண்டாலே சபையில் பலருக்கு வயிறு எரியும். எல்லாரையும்விட அதிகமாக எரிந்தது பிரதானி வீரபாகுவுக்கு.

ஒருநாள் சபைக்கு வந்த குடிமக்கள் சிலர், ஊரில் வேலையே கிடைக்கவில்லை என்று முறையிட்டார்கள். ராஜா மீசையைத் தடவிக்கொண்டார்.

"நம் நாட்டில் தேடுகிறவனுக்கு வேலை உண்டு. கிடைக்கவில்லை என்கிறவன் தேடாதவன்!"

சபை முழுவதும் தலையாட்டியது. ஆவுடையப்பன் மட்டும் சிரித்துவிட்டான்.

"ஏன் சிரிக்கிறாய்?"

"மகாராஜா கடைசியாக வேலை தேடியது எப்போது என்று யோசித்தேன், பிரபு."

ராஜாவின் முகம் சிவந்தது. வீரபாகு இந்த நேரத்துக்காகத்தான் வருஷக்கணக்காகக் காத்திருந்தார். எழுந்து கும்பிட்டார்.

"பிரபு, வேலை தேடுவது அவ்வளவு கஷ்டமானால் விகடகவியே தேடிக் காட்டட்டுமே. அரண்மனைக்கு வெளியே, தங்கள் பெயரைச் சொல்லாமல்."

"நல்ல யோசனை! ஆவுடையப்பா, அடுத்த அமாவாசைக்குள் இந்த ஊரில் ஒரு வேலை தேடிக்கொள். கிடைத்தால் சபைக்கு வா. இல்லையென்றால் வீட்டைக் காலி செய்துவிட்டு நாட்டை விட்டே போய்விடு!"

ஆவுடையப்பன் குடியிருந்தது அரண்மனை கொடுத்த வீடு. விஷயத்தைக் கேட்டதும் அவன் மனைவி பிச்சம்மாள் சட்டி பானைகளை வரிசையாக எடுத்து வெளியே வைத்தாள்.

"என்னடி இது?"

"கடைசி நாள்ல அவசரமா கட்டினா உடைஞ்சு போகும்ல. அதான்."

மறுநாளே ஆவுடையப்பன் கிளம்பினான். எண்ணெய்ச் செக்கு, ஜவுளிக் கடை, குதிரை லாயம் என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கினான். எல்லா இடத்திலும், "எந்த வேலையா இருந்தாலும் செய்வேன்" என்றான். எல்லாரும், "நாளைக்கு வாரும்" என்றார்கள். மறுநாள் போனால், 'நாளைக்கு' என்று சொன்னது நேற்று என்றார்கள். அன்று சாயங்காலம் வாடிப்போய் வீடு திரும்பினான்.

"போய் என்னன்னு கேட்டீங்க?" என்றாள் பிச்சம்மாள்.

"எந்த வேலைனாலும் செய்வேன்னுதான்."

"கடைக்குப் போய், எந்தச் சாமான்னாலும் குடுங்கன்னு நான் கேட்டா, செட்டியார் எதைக் கட்டிக் குடுப்பாரு? மேலயும் கீழயும் பாத்துட்டு, அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிருவாரு."

ஆவுடையப்பன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தெருவில் தண்டோரா கேட்டது.

"இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால்! வேலை கேட்டு வரும் ஆவுடையப்பனுக்கு எவர் வேலை கொடுத்தாலும், கொடுத்தவருக்கு முதுகில் கசையடி! இது பிரதானியார் உத்தரவு!"

ராஜாவுக்குத் தெரியாமல் வீரபாகு செய்த வேலை அது. பிச்சம்மாள் மிச்சமிருந்த உலக்கையையும் வெளியே கொண்டுபோய்ச் சாத்தினாள். ஆவுடையப்பனோ தண்டோராக்காரனை நிறுத்தி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக் கேட்பதுபோல் கேட்டான்.

"உத்தரவு நல்லாத்தான் இருக்கு. இனிமே நான் வேலை கேட்கப் போறதில்லை."

"அப்ப சோத்துக்கு?"

"வேலை என்னைக் கேட்டு வரட்டும்."

மறுநாளிலிருந்து அவன் எந்தக் கடையிலும் போய் முதலாளியைப் பார்க்கவில்லை. அங்கே வேலை செய்கிறவர்களிடம் போய் உட்கார்ந்து, "உங்களுக்கு இங்க ரொம்ப இம்சையான விஷயம் எது?" என்று மட்டும் விசாரித்தான். வேலை கொடுக்கப் பயந்த ஊர், குறை சொல்லப் பயப்படவில்லை. செக்கு மாடு நேராக நடக்க ஆசைப்படுவது முதல், துணி வாங்க வருகிறவர்கள் விரித்துப் பார்த்துவிட்டு மடிக்காமல் போவது வரை கொட்டித் தீர்த்தார்கள். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். மாட்டைத் திருத்த அவனால் ஆகாது. துணி மடிக்க அவனுக்கு வராது. பிச்சம்மாளைக் கேட்டால் சொல்வாள்.

ஆற்றங்கரைச் சத்திரத்துச் சமையல்காரர் சொன்னதுதான் அவனுக்குப் பிடித்தது.

"சமையல்ல ஒரு குறையும் இல்லை, அண்ணாச்சி. சாப்பிட்டுட்டு வெளிய போனா செருப்புச் சண்டை! ஒரே சமயத்துல ஐந்நூறு ஜோடி கிடக்கும். போன மாசம் ஒருத்தரோட வலது செருப்பு காசிக்குப் போயிருச்சு, இடது செருப்பு ராமேசுவரம் போயிருச்சு. அந்த மனுஷர் எந்தப் பக்கம் தேடிப் போறதுன்னு தெரியாம இங்கேயே குடும்பத்தோட தங்கிட்டாரு."

அடுத்த நாள் பந்திக்கு முன்னால் ஆவுடையப்பன் சத்திரத்து வாசலில் ஆஜர். ஒவ்வொரு ஜோடியையும் வாழைநாரால் கட்டினான். ஒரு பனையோலைத் துண்டைக் கையால் கோணல்மாணலாகக் கிழித்து, ஒரு பாதியைச் செருப்பில் செருகி, மறுபாதியை ஆளிடம் கொடுத்தான். சாப்பிட்டு வந்தவர் ஓலையை நீட்டினால், கிழிசலோடு கிழிசலைப் பொருத்திப் பார்த்துச் செருப்பைக் கொடுத்தான். ஒரு தடவை கிழித்தது போல் இன்னொரு தடவை கிழிக்க முடியாதல்லவா? சண்டை நின்றது. சத்திரத்து மணியக்காரர் சங்கரலிங்கம் பல வருஷங்களுக்குப் பிறகு மத்தியானத்தில் கண்ணயர்ந்தார்.

சில நாள் இப்படி நடந்தது. அவன் கூலி கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. பிறகு ஒருநாள் வரவும் இல்லை.

அன்றைக்குப் பார்த்து, பிரதானி வீரபாகு சத்திரத்தைப் பார்வையிட வந்து சேர்ந்தார். அவருடைய செருப்பு ஜரிகை போட்டது. உள்ளே போய்ப் பாயசத்தை ருசி பார்த்துவிட்டுத் திரும்பினார், செருப்பைக் காணோம். அதை யாரோ ஒரு யாத்ரீகர் பக்தியோடு மாட்டிக்கொண்டு போய்விட்டார். சித்திரை வெயிலில் பிரதானி கற்பலகை மீது ஒரு கால் மாற்றி ஒரு கால் குதித்தார். பார்த்தவர்கள் சதங்கை இல்லாததுதான் குறை என்றார்கள்.

"மணியக்காரரே! செருப்புப் பார்த்துக்கொள்ள இங்கே ஒரு ஆள் கிடையாதா?"

"இருந்தார், எஜமான். ஓலை கிழித்துக் கொடுத்து, ஒரு தப்பு வராமல் பார்த்துக்கொண்டார். நாம் நியமித்த ஆள் இல்லை. இன்று வரவில்லை."

"அப்படிப்பட்டவனை நியமிக்காமல் என்ன செய்துகொண்டிருக்கிறீர்? இப்போதே போய்க் கூப்பிடும்!"

"எஜமான், அந்த ஆள் வந்து..."

"அவன் யாராக இருந்தால் என்ன? வரமாட்டேன் என்றால் கெஞ்சிக் கூட்டிவாரும். என் உத்தரவு!"

மணியக்காரர் வாயை மூடிக்கொண்டார். மேலே இருப்பவர்கள் பேசும்போது குறுக்கே பேசாததால்தான் அவர் இத்தனை காலம் மணியக்காரராக இருக்கிறார்.

நேரே ஆவுடையப்பன் வீட்டுக்கு ஓடினார். "அண்ணாச்சி, சத்திரத்துக்கு வேலைக்கு வரணும். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்!"

"தெருவுல எல்லாருக்கும் காதுல விழற மாதிரி இன்னொரு தடவை கேளும்."

கேட்டார். எதிர்வீட்டு நாய்கூடத் திரும்பிப் பார்த்தது. பிச்சம்மாள் உலக்கையை உள்ளே எடுத்துவைத்தாள்.

அமாவாசையன்று சபை கூடியது. "பிரபு, எனக்குச் சத்திரத்தில் வேலை கிடைத்துவிட்டது" என்றான் ஆவுடையப்பன்.

வீரபாகு துள்ளி எழுந்தார். "பொய்! பிரபு, இவன் கேட்டால் யாரும் வேலை கொடுக்கக் கூடாது என்று நான் தண்டோரா போட்டிருக்கிறேன். கொடுத்தவன் யார்? அவன் முதுகுத் தோலை உரிக்கிறேன்!"

"தாங்கள்தான், எஜமானரே" என்று சங்கரலிங்கம் முன்னால் வந்தார். "இவர் கேட்கவில்லை. தங்கள் உத்தரவுப்படி நான்தான் கெஞ்சிக் கேட்டேன்."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். ராஜா முதலில் தண்டோராவுக்காகப் பிரதானியை முறைத்தார். கற்பலகையில் குதித்த இடம் வந்ததும் முறைப்பைக் காப்பாற்ற முடியாமல் சிரித்துவிட்டார்.

"ஆவுடையப்பா, ஜெயித்துவிட்டாய். உன் பழைய பதவியைக் கேள், தருகிறேன்."

"மன்னிக்க வேண்டும், பிரபு. கேட்க மாட்டேன்."

"ஏன்?"

"தண்டோரா இன்னும் அமலில் இருக்கிறது. நான் கேட்டுத் தாங்கள் கொடுத்தால், கொடுத்தவர் முதுகில் கசையடி. ராஜாவின் முதுகு என்று அதில் விலக்கு ஒன்றும் சொல்லவில்லையே!"

ராஜா சிம்மாசனத்திலிருந்து வழுக்கி விழும் அளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறந்தது முதல் யாரிடமும் எதையும் கேட்டறியாத அவர், எழுந்து நின்று கேட்டார்: "விகடகவியாரே, தயவுசெய்து எங்கள் சபைக்கு வேலைக்கு வருகிறீரா?"

"ஏற்கெனவே ஒரு வேலையில் இருக்கிறேனே, பிரபு. அதை விட்டு வருவதென்றால்..."

"குடியிருக்கும் வீடு இனி உனக்கே சொந்தம். நஞ்சை நிலமும் தருகிறேன். போதுமா?"

"போதும். ஆனால், என்னை நியமித்தவரிடம் விடைபெறாமல் வருவது மரியாதை அல்ல." ஆவுடையப்பன் வீரபாகுவின் பக்கம் திரும்பிப் பணிவாகக் குனிந்தான். "எஜமானரே, உத்தரவு கொடுங்கள்."

"தொலைந்து போ!" என்றார் வீரபாகு.

அந்தப் பிரதானி தம் வாழ்நாளில் இட்ட உத்தரவுகளில், கேட்டவன் சந்தோஷமாகக் கும்பிட்டு ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.