கரடி விட்டுப்போன நண்டு

ஒரு காட்டில் கதை நடந்தால், மேலே ஓடும் மேகங்கள்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் நகரும். நம்பாதவர்கள் போய் மேகத்தையே கேளுங்கள். அப்படிக் கதை சொன்னது ஒரு கரடி.

கரடியின் கதையில் ஒரு நண்டு வரும். யாருக்கும் பணியாத நண்டு. ஒருநாள் முதலை ராஜா அதை மடக்கி, "கும்பிடுகிறாயா, விழுங்கட்டுமா?" என்று வாயைப் பிளந்தது. அந்த இடத்தில் கதையை நிறுத்தி, "மிச்சம் நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போன கரடி, தூக்கத்திலேயே செத்துப்போயிற்று.

காடே அழுதது. நண்டோ முதலையின் வாய்க்கு எதிரே அப்படியே நின்றது.

முள்ளம்பன்றிக்கு அது பொறுக்கவில்லை. "மிச்சத்தை நான் சொல்கிறேன்" என்றது.

கொக்கு வெடுக்கென்று கழுத்தை நீட்டியது. கரடியின் கதைக்குக் காவலாகத் தன்னைத் தானே வைத்துக்கொண்டிருந்தது அது.

"நீ யாரப்பா சொல்ல? கரடியார் சொன்னதோடு சரி. அதில் ஒரு சொல் கூட்டினாலும் குளத்தை விட்டு வெளியேற வேண்டியதுதான்!"

துக்கத்தில் இருந்த மிருகங்களும் அதற்குத் தலையாட்டிவிட்டன. கோடைக்காலம். அந்தக் காட்டில் தண்ணீர் இருந்தது அந்த ஒரு குளத்தில்தான்.

"வேண்டாம் அண்ணே, நாக்கு வறண்டே செத்துப்போவீர்கள்" என்று கெஞ்சியது முயல்.

"அங்கே நண்டு நிற்கிறதே, அதற்கு என்ன வழி?" என்று கேட்டது முள்ளம்பன்றி. முட்களைச் சிலிர்த்துக்கொண்டு, கரடி உட்காரும் பாறைமேலேயே ஏறி நின்றது.

"எல்லாரும் கேளுங்கள்! நண்டு வெடவெடத்துப் போயிற்று. இரண்டு கொடுக்குகளையும் கூப்பி, 'தப்புத்தான் ராஜா' என்று முதலையின் காலில்..."

"நிறுத்து!" கொக்கு மடக்கி வைத்திருந்த காலையும் ஊன்றிவிட்டது. "நம் நண்டா காலில் விழும்? வாய் அழுகிப்போகும் உனக்கு!"

"பின்னே என்ன செய்யுமாம்?"

"என்ன செய்யுமா? 'காது கேட்கவில்லை, கொஞ்சம் குனியும் ராஜா' என்று சொல்லும். முதலை குனிந்ததும் மூக்கைப் பிடித்து ஒரே திருகு! ராஜா அலறிக்கொண்டு ஆற்றுக்குள் பாய்வார்!"

மிருகங்கள் துள்ளிக் குதித்தன. முயல் குட்டிக்கரணமே போட்டது.

"கொக்காரே, இது கரடியார் சொன்னதா?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

கொக்கு திருதிருவென்று விழித்தது. "இல்லை... ஆனால் அந்த நண்டு அப்படித்தானே செய்யும்!"

"அதைத்தானே நானும் சொல்ல வந்தேன்! நேராகச் சொல்ல விட்டீரா? அதனால்தான் கோணலாகச் சொல்லி உம் வாயைக் கிளறினேன். சரி, உம்முடைய சட்டப்படி நானும் ஒரு சொல் கூட்டிவிட்டேன், நீரும் கூட்டிவிட்டீர். வாரும், இரண்டு பேரும் குளத்தை விட்டுக் கிளம்புவோம்."

கொக்கு தண்ணீரைப் பார்த்தது. பாறையைப் பார்த்தது.

"போகலாம், போகலாம், என்ன அவசரம்? ஆற்றுக்குள் போன பிறகு நண்டு பிடியை விட்டதா இல்லையா? முதலில் அதைச் சொல்லித் தொலை!"

நீதி: கதை சொன்னவர் போன பின், அவர் கதையைக் குணம் மாறாமல் நடத்திச் செல்பவரே அவருக்கு உண்மையானவர்.