புடலை வாலில் ஒரு கல்

அந்தக் காலத்தில் செடி கொடிகளுக்கு வாய் இருந்தது. சும்மா கிடக்கிற வாயா அது? விடிந்தால் ஆரம்பித்துப் பொழுது சாய்கிற வரைக்கும் ஓயாது. அவரை ஒன்று சொன்னால் பாகல் ஒன்பது சொல்லும். அந்தப் பேச்சு மனிதர்களுக்கும் புரியும் என்பதால், தோட்டம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் கொஞ்சம் காது மந்தம் போல நடித்துத்தான் காலத்தை ஓட்டினார்கள்.

காரைவலசு என்ற ஊரில் பாவாயி என்று ஒருத்தி இருந்தாள். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த முதல் வருஷம் அது. வீட்டுக்குப் பின்னால் முள் மண்டிய இடம் கொஞ்சம் சும்மா கிடந்தது. மாசி பிறந்து, பனி விலகி, வேம்பு துளிர்க்கத் தொடங்கியதும் பாவாயி மண்வெட்டியோடு இறங்கிவிட்டாள்.

"ஏ புள்ள, இந்தப் பொட்டல்ல என்ன வெளையும்?" என்று கேட்டான் அவள் புருஷன் நாச்சிமுத்து.

"நீங்க முள்ளை மட்டும் வெட்டிப் போடுங்க மாமா. வெளையறதை நான் பாத்துக்கறேன்."

கொத்தினாள். மக்கிய சாணியும் அடுப்புச் சாம்பலும் கலந்து பாத்தி பிடித்தாள். கீரை தூவினாள், கத்தரி நாற்று நட்டாள். ஓரமாகக் குழி எடுத்து, ஊறவைத்த அவரை, பாகல், புடலை விதைகளை ஊன்றி, மேலே கிளுவைக் குச்சிகளால் பந்தல் போட்டாள். கிணறு இருந்ததோ தெருக்கோடியில். காலையில் எட்டுக் குடம், சாயங்காலம் எட்டுக் குடம். இடுப்பு ஒடிந்தாலும் ஒரு வேளை தவறியதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் அவள் பேச்சு கத்தரியில் ஆரம்பித்துக் கீரையில் போய் நிற்கும். முதல் தோட்டம் அல்லவா, பெருமை இருக்கத்தானே செய்யும்.

சித்திரையில் புடலை காய்த்தது. அப்போதெல்லாம் புடலங்காய் நினைத்தபடி வளையும், சுருளும், மறுபடி நீளும். வரி வரியான உடம்போடு பந்தலில் சுருண்டு படுத்திருக்கும். பாகற்பிஞ்சைக் கடிக்க அணில் வந்தால் மெல்லத் தலையைத் தூக்கிக் காட்டும். அவ்வளவுதான், அணில் அன்றைக்குப் பூராவும் அந்தத் திசைக்கே வராது. பந்தலே குலுங்கிச் சிரிக்கும். "உன்னை மாதிரி கெட்டிக்காரன் உண்டா?" என்று அவரைக்கொடி வேறு ஏற்றிவிட்டது. அதுதான் வினையாக முடிந்தது.

ஒரு நாள் காலை பாவாயி குடத்தோடு பந்தலுக்கு அடியில் குனிந்து வந்தாள். புடலைக்குக் கை சும்மா இருக்கவில்லை. கை ஏது அதற்கு, உடம்புதான். சத்தமில்லாமல் இறங்கி அவள் தோளில் சில்லென்று படுத்தது. கழுத்தைச் சுற்றி ஒரு வளையமும் போட்டது.

"ஐயோ, பாம்பு!"

குடம் உடைந்தது. பாவாயி வேலியைத் தாண்டினாளா, பறந்தாளா, அவளுக்கே தெரியாது. நாச்சிமுத்து ஓடி வந்து பார்த்தபோது, வரி வரியாக ஏதோ ஒன்று இலைக்குள் நழுவி மறைந்தது. அவன் கம்பைத் தேடவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"நாகசாமியே நம்ம தோட்டத்துல குடியேறியிருக்குது புள்ள. இனி ஒருத்தரும் உள்ள போகப்படாது. சாமிக்குத் தொந்தரவு."

வேலிக் கதவை இழுத்துக் கட்டினான். வாசலில் ஒரு கிண்ணம் பாலும் ஒரு முட்டையும் வைத்தார்கள். மறுநாள் பார்த்தால் கிண்ணம் காலி. "சாமி சாப்பிட்டுது!" என்று நாச்சிமுத்துவுக்குப் புல்லரித்துப் போயிற்று. எதிர்வீட்டுப் பூனைக்குத் தொப்பை போட்டதை அவன் கவனிக்கவில்லை.

முதல் நாள் தோட்டம் முழுக்க ஒரே சிரிப்பு. இரண்டாம் நாள் வெயில் ஏறியதும் கீரை தலைசாய்ந்தது. மூன்றாம் நாள் கத்தரி இலைகள் வாடித் தொங்கின. பந்தலில் பேச்சே இல்லை. வாசலில் பாலாய் ஊற்றுகிறார்கள், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

புடலை பயந்துபோய் வேலிப் பக்கம் பார்த்துக் கத்தியது. "நான் பாம்பு இல்லீங்க! புடலைங்க! விளையாட்டுக்குப் பண்ணிப்போட்டேன்!"

நாச்சிமுத்து வெளியில் நின்று யோசித்தான். "எந்தப் பாம்பு தன்னைப் பாம்புன்னு ஒத்துக்கும்? நீ கிட்டப் போகாத புள்ள."

புடலை தலையை வெளியே நீட்டிக் காட்டியது. சாமியே ஆனாலும் கடித்தால் என்ன செய்வது என்று அவன் கம்பை எடுக்கவும், பயத்தில் அதன் உடம்பு தானாகவே சுருண்டுகொண்டது. "பாத்தியா, பாத்தியா!" என்று அவன் பின்வாங்கினான்.

அந்த நேரம் கீரைப் பாத்தியிலிருந்து மெலிந்த ஒரு குரல் கேட்டது. "அக்கா, ஒரு வாய் தண்ணி."

மூன்று நாளாகப் பாவாயிக்கும் சோறு இறங்கவில்லை. தான் விதைத்தது தன் கண் முன்னே காய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே என்று அழுதுவிட்டாள்.

"அக்கா," என்று கூப்பிட்டது புடலை. "நான் வளையறதுனாலதானே இத்தனை பயம்? என் வாலுல ஒரு கல்லைக் கட்டு. நெளிஞ்சேன்னா பாம்புன்னு அடிச்சுப்போடு. அசையாம இருந்தா, கீரைக்குத் தண்ணி ஊத்து."

"கல்லைக் கட்டிட்டா அப்பறம் நீ வளையவே முடியாதேடா!" என்றது அவரை.

"தெரியும்."

பாவாயி கதவை அவிழ்த்தாள். ஒரு கையில் கூழாங்கல், மறு கையில் வாழைநார். பின்னால் நாச்சிமுத்து கம்பை ஓங்கியபடி வந்தான். அவள் விரல் பட்டதும் புடலையின் உடம்பு முழுக்கச் சுருளத் துடித்தது. ஓங்கிய கம்பு தலைக்கு மேலேயே இருந்தது. புடலை மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தொங்கியது.

நாரை முடிந்து பாவாயி கையை எடுத்தாள். கல் இழுக்க, புடலை நேராக நீண்டு நின்றது. அவள் விரல் நுனியை மோந்து பார்த்தாள். பச்சைப் புடலங்காய் வாசம்.

"அடப் பாவி, நீயாடா!"

சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் சிரித்தாள். நாச்சிமுத்து கம்பை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். பிறகு யாரும் சொல்லாமலே குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினான். அன்றைக்கு உச்சிப் பொழுதுக்குள் இருபது குடம். கீரை எழுந்து உட்கார்ந்தது, கத்தரி நிமிர்ந்தது, பாகல் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கிவிட்டது. நஷ்டம் என்றால் பூனைக்கு மட்டும்தான்.

ஒரு வாரம் கழித்துப் பாவாயிக்கு மனசு கேட்கவில்லை. "கல்லைக் கழட்டி விடட்டுமா?" என்றாள்.

"வேண்டாங்க்கா," என்றது புடலை. "கழட்டினா எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது."

அந்தக் காயை அவள் சமைக்கவில்லை, விதைக்கு விட்டாள். அந்த விதையில் வந்த கொடிகள்தான் பிறகு ஊர் ஊராகப் போயின. புடலை பிஞ்சு விட்டதும் வாலில் ஒரு கல்லைக் கட்டுகிற வழக்கம் அன்று முதல்தான். கட்ட மறந்தால் அது பந்தலில் சுருண்டு படுத்துக்கொண்டு, யார் குடத்தோடு வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.