பொரியின் பட்டினி

எஸ்தர் டீச்சர் வீட்டின் பின்னறையில் பொரி என்றொரு கினிப்பன்றி இருந்தது. முயல்குட்டி அளவு. உடம்பெல்லாம் வெள்ளை, காதுகள் மட்டும் பழுப்பு. டீச்சர் பள்ளிக்குக் கிளம்பும் முன் அதன் கூண்டில் காய்ந்த புல்லும், கொத்தமல்லித் தழையும், ஒரு கொய்யாத் துண்டும் வைத்துவிட்டுப் போவாள். பொரிக்கு ஒரு குறையும் இல்லை, வீரன் வந்து சேரும் வரை.

வீரன் ஓர் இகுவானா. ஆள் கை நீளத்துக்குப் பச்சைப் பல்லி. முதுகில் முள் வரிசை, கழுத்துக்குக் கீழே தொங்கும் தோல். வெளியூருக்கு மாற்றலாகிப் போன தோழி ஒருத்தி அதை டீச்சரிடம் விட்டுச் சென்றிருந்தாள். டீச்சர் பொரியின் கூண்டுக்கு எதிரே ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, மேலே சூடு தரும் விளக்கையும் பொருத்தினாள். வீரன் விளக்கடியில் அசையாமல் படுத்து, நேர் எதிரே பார்த்தது. எதிரே இருந்தது பொரி.

அன்றோடு பொரியின் நிம்மதி போயிற்று. உட்கார்ந்தால் எழுந்தது. எழுந்தால் ஓடியது. ஓடிப்போய் அட்டைப்பெட்டிக்குள் முடங்கியது. முடங்கிய மறுநொடியே, அது இன்னும் பார்க்கிறதா என்று எட்டிப் பார்த்தது. அது இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

அலமாரிக்குப் பின்னால் குடியிருந்த சுண்டெலி இதையெல்லாம் கவனித்தது. ஒரு மத்தியானம் கூண்டருகே வந்தது.

"அக்கா, அது எதுக்கு உன்னையே பார்க்குதுன்னு தெரியுமா?"

"எதுக்கு?"

"சதை போட்டுட்டியான்னு பார்க்குது. போன வீட்ல ஒரு முயல் இருந்துச்சாம். நல்லா கொழுத்ததும் ஒரே முழுங்கு."

பொரியின் மீசை நடுங்கியது. "இப்ப நான் என்ன பண்றது?"

"இளைச்சிரு. எலும்பும் தோலுமா இருந்தா யாரு திம்பா?"

"சாப்பாடு அப்படியே கிடந்தா டீச்சருக்குத் தெரிஞ்சிடுமே."

சுண்டெலி பெருமூச்சு விட்டது. "உனக்காக அந்தக் கஷ்டத்தை நான் பட்டுக்கறேன்."

அன்று முதல் கொய்யாவும் தழையும் சுண்டெலியின் வயிற்றுக்குப் போயின. பொரி புல்லைக்கூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது. பரீட்சை நேரம். விடைத்தாள் கட்டோடு வந்த டீச்சர் காலித் தட்டைப் பார்த்து, "சமர்த்து" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கினிப்பன்றியின் வயிறு ஓயாமல் வேலை செய்ய வேண்டும். பட்டினி கிடந்தால் குடல் அப்படியே நின்றுவிடும். பிறகு உயிர் தங்காது. இரண்டே நாளில் பொரிக்குக் கால் தள்ளாடியது. ஆனாலும் அது ஓடுவதும் ஒளிவதும் நிற்கவில்லை.

அடுத்த மத்தியானம், பொரியின் தட்டை வழித்து முடித்த பிறகும் சுண்டெலிக்கு ஆசை அடங்கவில்லை. திரைச்சீலையில் ஏறி, மூடியின் இடுக்கு வழியாக வீரனின் தொட்டிக்குள் குதித்தது. அதன் தாடைக்கு அடியிலேயே நடந்து போய் ஒரு பூசணித் துண்டைக் கவ்வியது. வீரன் தலையைச் சற்று ஒதுக்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

பொரி அசையாமல் நின்றது. 'இந்த எலி என்னைவிடக் கொழுத்திருக்கிறது. இதை ஏன் அது முழுங்கவில்லை?'

முதல்முறையாகப் பொரி வீரனிடம் பேசியது. "ஏங்க... நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

"கீரை, பூசணி. செம்பருத்திப் பூ கிடைச்சா ரொம்ப இஷ்டம். இன்னிக்கு இந்த எலி மிச்சம் வச்சாத்தான்."

"அப்புறம் ஏன் என்னையே பார்க்கறீங்க?"

"இந்த விளக்குச் சூடு இல்லாட்டி எனக்குச் செரிக்காது. அதனால இங்கதான் படுத்தாகணும். இங்க படுத்தா நீதான் கண்ணுல படறே. நீ ஓடற ஓட்டத்துல எனக்கும் தூக்கம் போச்சு."

பொரி தட்டருகே தள்ளாடிப் போனது. எதுவும் இல்லை. புல்லைக் கவ்வியது; மெல்லத் தெம்பில்லை. அந்த நேரம் வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. இருந்த மூச்சையெல்லாம் திரட்டி அது கீச்சிட்டது.

"கத்தாதே அக்கா, அது பாய்ஞ்சிடும்!" என்றது சுண்டெலி, பூசணியை விடாமல்.

பொரி இன்னும் பலமாகக் கீச்சிட்டது.

டீச்சர் ஓடி வந்தாள். தொட்டியிலிருந்து குதித்தோடிய எலியைப் பார்த்தாள். பொரியைக் கையில் தூக்கினாள். விரலில் எலும்புதான் தட்டுப்பட்டது.

"தட்டைத்தானே பார்த்தேன், உன்னைப் பார்க்கலையே" என்று சொல்லி அழுதாள்.

அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனாள். அரைத்த தீனியை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, மடியில் வைத்துச் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். பொரி பிழைத்து எழப் பல நாள் ஆயிற்று. இதற்குள் சுண்டெலி எலிப்பொறியில் சிக்கி, ஊருக்கு வெளியே முள்காட்டில் விடப்பட்டது. அங்கே தட்டு நிரப்ப யாரும் இல்லை.

வீரன் இப்போதும் விளக்கடியில் படுத்து எதிரே பார்க்கிறது. அதைக் கண்டதும் பொரியின் கால்கள் ஓடத்தான் துடிக்கும். ஆனால் அது ஓடுவதில்லை. புல்லை மென்றபடி திரும்பிப் பார்க்கிறது.

நம்மைப் பயமுறுத்தும் பேச்சை நம்புவதற்கு முன், நாம் பயந்தால் யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டும்.