சாயங்கால முறை

தீர்ப்புச் சொல்வது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் ஞானப்பழத்தின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் சிறிய உப்பளக்காரர்கள் சங்கத்துக்கு அவர் தலைவர். வெயிலில் அசராத மனிதர். அன்று நிழலில் வியர்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். டீசல் இன்ஜினை ஒப்படைத்தால், அதை உடைத்துவிட்டு, பதிலுக்குச் சூரிய சக்தி பம்பு ஒன்று தருவதாகச் சங்கத்தின் வழியாக ஓர் அரசுத் திட்டம் வந்தது. சித்திரைவேல் தன் இன்ஜினைக் கொடுத்தார். பல வருடமாக அந்த இன்ஜின்தான் இரண்டு அளங்களுக்கும் கிணற்றிலிருந்து உப்புநீர் இறைத்தது. பகல் முழுக்க அவருடைய பெரிய அளத்துக்கு. பொழுது சாய்ந்தபின் கொஞ்ச நேரம், பக்கத்தில் நாலு பாத்தி வைத்திருந்த ஜெயகொடிக்கு. அவள் முறைக்கு அவளே டீசல் ஊற்றுவாள். இன்ஜினை வண்டியில் ஏற்றிய அன்று அவளும் ஒரு கை பிடித்தாள்.

பம்பு வந்தது. மின்கலம் கிடையாது, வெயில் இருக்கும்வரை ஓடும், வெயில் போனால் நின்றுவிடும். ஜெயகொடியின் பாத்திகள் உப்புநீர் இல்லாமல் காயத் தொடங்கின. தரை வெடித்தால் காலால் மிதித்து மிதித்து அவள் இறுக்கிய களம் வீண்; அந்த வருட உப்பும் போச்சு. நேராகச் சங்கத்துக்கு வந்துவிட்டாள்.

"இன்ஜின் என்னுது, கொடுத்தவன் நான். பம்பு எனக்குத்தான அண்ணாச்சி?" என்றார் சித்திரைவேல். "அவள வேண்டாம்னா சொல்லுதேன்? முன்ன மாதிரி சாயங்காலம் எடுத்துக்கிடட்டும்."

"சாயங்காலம் வெயிலுக்கு எங்க போவேன்?" என்றாள் அவள். "இன்ஜின் போனா எனக்கும் சேத்துத்தான் பம்புன்னுல்லா நெனச்சேன்."

"பகல் பூரா ஓடினாத்தான் எனக்கே காணும். வாக்கு கீக்கு எதுவும் நான் கொடுக்கலியே."

அதுவும் உண்மைதான். அவர் வாக்குக் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஞானப்பழத்துக்கு இருவர்மீதும் கோபம் வந்தது. அதைவிடத் தன்மீது அதிகமாக வந்தது. மாலையைப் பற்றி அவரும்தானே யோசிக்கவில்லை?

இப்போது நீங்கள் அந்த நாற்காலியில் இருக்கிறீர்கள். பம்பின் வெயில் நேரம் யாருக்கு?

ஞானப்பழம் சொன்னது இது. பம்பு சித்திரைவேலுடையது, அதைப் பறிக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அவர் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொண்டார். ஜெயகொடி தன் மாலைத் தண்ணீரை இழந்தாள், பதிலுக்கு ஒன்றும் பெறவில்லை. அவள் இழந்த மாலை முறை எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம் வெயிலில் அவளுக்கு உண்டு. அதனால் அவருக்குக் கடைசிப் பாத்தி கொஞ்சம் காயும். இல்லையென்றால் அவளுக்கு எல்லாம் காய்ந்துவிடும். அந்த நேரம் பகலில் எப்போது என்று சித்திரைவேல் கடுப்போடு கேட்டார். "காலையில, மொத முறை அவளுக்கு," என்றார் ஞானப்பழம். "இத்தன வருசம் நீங்க முடிக்க அவ காத்துக் கெடந்தாள்லா? இனி அவ முடிக்கட்டும், நீங்க காத்திருங்க."