மேனேஜரின் முற்றுப்புள்ளி

நூற்பாலை மேனேஜர் ஞானதிரவியத்துக்கு ஒரு பழக்கம். எதைச் சொன்னாலும் முற்றுப்புள்ளியாக மேசையில் ஓங்கி ஓர் அறை வைப்பார். அவருடைய லேப்டாப்பில் போன வாரம்தான் பெரிய ஹார்டு டிஸ்க் மாற்றிக் கொடுத்திருந்தாள், ஆலையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தங்கபுஷ்பம். இன்று அந்த டிஸ்க் செத்துக் கிடந்தது.

"நேத்து வைரஸ் பார்க்கிறேன்னு எடுத்துட்டுப் போய்க் கீழே போட்டிருக்கே! இல்லேன்னு நிரூபி. முடியலேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

ஆபீஸே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. தங்கபுஷ்பம் இன்னொரு புது டிஸ்க்கை மாட்டி, லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தாள்.

"விழுந்திருந்தா தப்பிச்சிருக்கும் சார். உள்ளே சென்சார் இருக்கு, கீழே விழுறது இந்த டிஸ்க்குக்கே தெரியும். தரையைத் தொடுறதுக்குள்ள, சுத்துற தட்டை விட்டு, அதைப் படிக்கிற முள்ளை ஒதுக்கி வச்சுக்கும். மேசையில சிவனேன்னு வேலை பார்க்கும்போது அடி விழுந்தாத்தான் முள்ளு தட்டுல மோதிடும்; அது டிஸ்க்குக்கு முன்கூட்டித் தெரியாது."

"என் மேசையில எவன் அடிக்கிறான்?" என்று கையை ஓங்கினார் மேனேஜர்.

கை இறங்குவதற்குள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டாள் தங்கபுஷ்பம். மேசை அதிர்ந்தது. அதில் இருந்த டீ கிளாஸ் துள்ளி அவர் மடியிலேயே கவிழ்ந்தது.

"பாவம், கிளாசுக்கும் தெரியல சார்," என்றாள்.