நரம்போரத்துப் பச்சை

அந்தக் காலத்தில் இலைக்குள் குடியிருந்தவர்களுக்கும் வாய் இருந்தது. பூவரச இலை முழுக்க, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வீடுகள். நாலு பக்கமும் சுவர்தான். குப்பை கொட்டக்கூட வாசல் கிடையாது. அப்படி ஒரு வீட்டில் வெயிலை அடுப்பாக்கிச் சமைத்துப் போட்டவள் பச்சையம்மாள். நடுக்கூடத்தில் உட்கார்ந்து அதிகாரம் செய்தவர் கருவண்ணன். மூலையில் இரண்டு மூன்று சின்னத் தண்ணீர்த் தொட்டிகள் கிடந்தன.

பச்சையம்மாள் நல்லவள்தான், ஆனால் லேசில் யாரையும் நம்ப மாட்டாள். விடிந்தால், நேற்று வந்த அதே வெயில்தானா என்று ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். அவளுடைய ஒரே மகள், இன்னும் பச்சை பிடிக்காத வெளுத்த பிள்ளை, இலை நரம்பு வழியே கிளை நுனிக் குருத்துக்குப் பிழைக்கப் போயிருந்தாள்.

மழை பொய்த்த வருஷம் அது. எங்கிருந்து வந்தான் என்றே தெரியாமல் பையாண்டி வந்து சேர்ந்தான். கையில் இரட்டைத் தோல் பை. உடைந்தது, நைந்தது, வெயிலில் வெந்தது எல்லாவற்றையும் அதற்குள் போட்டு, வாயைக் கட்டி, தொட்டிப் பக்கம் தூக்கிப் போவான். திரும்பும்போது வெறுங்கை. தொட்டி மட்டும் பெருத்துக்கொண்டே வந்தது.

ஒருநாள், விரிசல் விட்டுப் படுத்திருந்த அக்காள் செங்காயியைக் காணவில்லை. பச்சையம்மாள் பையாண்டியை மறித்தாள்.

"எங்கடா என் அக்கா?"

"அவங்களாத்தான் ஏறுனாங்க ஆத்தா. இனி முடியலன்னாங்க."

"முடியாதவளுக்குக் கஞ்சி ஊத்துவாங்களா, பையில போட்டுக் கட்டுவாங்களா? உன் கன்னம் ஏன்டா இப்படி உப்பியிருக்கு?"

நேரே கருவண்ணனிடம் போனாள். "நாந்தான் அவனை வரச் சொன்னேன்" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். இந்த ஆளும் கூட்டு என்று பச்சையம்மாள் முடிவே கட்டிவிட்டாள்.

மறுநாள் பையாண்டி தொட்டியோடு பையை ஒட்டவைத்து வாயைத் திறக்கிற நேரம். குறுக்கே பாய்ந்து பையைக் கிழித்தாள். உள்ளே ஆளும் இல்லை, எலும்பும் இல்லை. புளித்த கஞ்சிதான் கொட்டியது. பட்ட இடமெல்லாம் எரிந்தது.

பையாண்டி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "கெடுத்தியே ஆத்தா! இது நான் திங்கிறதுக்கா? தொட்டியில கரைச்சு, நரம்பு வழியாக் குருத்துக்கு அனுப்புறது."

"யார் பாத்தா?" என்றாள் பச்சையம்மாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் நரம்பு வழியே ஒரு குரல் வந்தது. மகளின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

"அம்மா, இன்னைக்கு ஏன் கஞ்சி வரல? பக்கத்துத் துளிரு கருகிப்போச்சு. நேத்துக்கூட வந்துச்சே, பெரியம்மா வாசனையோட."

அக்காள் போன இடம் தெரிந்துவிட்டது. மகள் வாய்க்குப் போனதைத் தட்டிவிட்டதும் தன் கைதான். பச்சையம்மாள் வாய்விட்டு அழுதாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அவள் உடம்பிலும் விரிசல் விழுந்திருந்தது.

"வேற பை இருந்தா விரிடா" என்றாள்.

விரித்தான். ஒரு காலை உள்ளே வைத்தவள் நின்றாள்.

"உன்னை நான் இன்னும் நம்பல. நரம்போரத்து வீடுகள்ல என் தங்கச்சிங்க இருக்காளுங்க. நான் பிள்ளைகிட்டப் போய்ச் சேந்தேனான்னு பாத்துட்டுத்தான் அவளுங்க ஏறுவாளுங்க. தெரிஞ்சுக்க."

"சரி ஆத்தா" என்று பையாண்டி மெதுவாக வாயைக் கட்டினான்.

அவள் கரைந்ததும் தொட்டிகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கூடத்தை நிறைத்தன. கருவண்ணன் சுவரோரம் ஒடுங்கிக்கொண்டார். விடிந்தபோது குருத்து ஒரு துளிர் விட்டிருந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகே தங்கச்சிகள் பையில் ஏறினார்கள்.

அன்று முதல்தான் செடிகொடிகளின் வீட்டுக்குள் நடுக்கூடம் தண்ணீர்த் தொட்டிக்கு என்று ஆனது. இலையும் உதிர்வதற்கு முன் மஞ்சளாகிறது. ஓரமெல்லாம் வெளுத்த பிறகும் நரம்பை ஒட்டிக் கொஞ்சம் பச்சை மிஞ்சி நிற்கும், எடுத்துப் பாருங்கள். அக்காள் போய்ச் சேர்ந்த சேதி வராமல் அந்தத் தங்கச்சிகள் பையில் ஏற மாட்டார்கள்.