சட்டைப்பையில் சாயப்பட்டறை

கோணப்பட்டி எங்கே இருக்கிறது என்று யாரைக் கேட்டாலும், "எங்களுக்கு அடுத்த ஊர்" என்றுதான் சொல்வார்கள். அந்த ஊர் ஊராட்சித் தலைவர் பொன்னிலிங்கத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. மேட்டுச் சாயப்பட்டறையின் தயவில் ஏரி நீலமாகக் கிடந்தது. மறுநாள் அதிகாரி வருகிறார். ஏரி சுத்தமில்லை என்றால் நாற்காலி போய்விடும். பட்டறையை மூடச் சொல்லலாம்தான். ஆனால் அந்த நாற்காலியில் அவரை உட்காரவைத்ததே பட்டறை முதலாளி.

தலைவருக்குக் காட்டவென்று பள்ளிக்கூடத்தில் கோமளவல்லி டீச்சர் செங்கல் அடுக்கி, மேலே தார்ப்பாய் விரித்து மேடு செய்திருந்தார். அடியில் ஏரிக்குப் பதில் ஒரு பேசின். உச்சியில் பட்டறைக்குப் பதில் தீப்பெட்டி, அதைச் சுற்றி நீலப்பொடி. பிள்ளைகள் பூவாளியால் மழை பெய்தார்கள். பொடி வழிந்தோடிப் பேசின் நீலமானது.

"பார்த்தீங்களா தலைவரே? பட்டறையை எடுத்துட்டா ஏரி தெளியும்."

"அவ்வளவுதானா டீச்சர்!" தலைவர் குனிந்து தீப்பெட்டியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பொடியைத் துடைத்து, பேசினைக் கழுவி, மறுபடி மழை பெய்யச் சொன்னார். தண்ணீர் பளிங்காக வந்து விழுந்தது.

ஏரியைப் பார்த்துவர ஓடிய காவலாளி ஓச்சப்பன் முழங்கால்வரை நீலமாகத் திரும்பினார்.

"அங்கே இன்னும் தெளியலையே தலைவரே."

"பட்டறைதான் என் பையிலே இருக்கேய்யா. அப்புறம் எப்படி?"

எழுத்தர் தாமோதரம் தாடையைச் சொறிந்தார். "இப்போ ரெண்டு ஏரி இருக்கு. தெளிஞ்சதுதான் நம்ம ஏரின்னு தீர்மானம் போட்டுட்டா?"

"அப்போ அந்தப் பெரிசு?"

"அது பிள்ளைங்க செஞ்ச மாதிரி ஏரி."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. டீச்சருக்கு ஓட்டில்லை.

அதிகாரி வந்தார். பேசினில் ஒரு டம்ளர் மொண்டு குடித்தார். "நல்ல ஏரி" என்று கையெழுத்துப் போட்டார். தலைவருக்கு உயிர் வந்தது. போகிற வழியில் அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு பெரிய ஏரியின் கரையில் நின்றார். எழுத்தர் தீர்மானத்தை நீட்டினார்.

"பிள்ளைங்க செஞ்சதா இது? நாத்தம்கூட அசலா இருக்கே! மாவட்டக் கண்காட்சியிலே முதல் பரிசு இதுக்குத்தான். வெள்ளிக்கிழமை கொண்டுவந்து வைக்கணும். வைக்கலைன்னா என் கையெழுத்து ரத்து."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஊரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றி நின்றது. தலைவர் கரைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டு கத்தினார்:

"எல்லாரும் ஒண்ணாத் தூக்கணும்! ஒரு பக்கம் சாய்ஞ்சு சிந்திடுச்சுன்னா ஊரு அசுத்தமாயிடும்!"